சோதனைக்கு முந்தின நாள் ஊற்றிய தண்ணீர்

போன மாதம் எங்கள் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. வழவழப்பான தாள். மேலே ஒரு கண்ணாடிக் கட்டடம், அதன் முன்னால் மஞ்சள் ஹெல்மெட் போட்ட பையன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். அவன் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. 'கட்டடச் சேவைப் பொறியியலில் வளமான வேலைவாய்ப்புகள்' என்று தலைப்பு. சிறப்பு விருந்தினராக என் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'மூத்த வல்லுநர்' என்று வேறு அச்சடித்திருந்தார்கள். முப்பத்தைந்து வருட வேலையில் யாரும் என்னை வல்லுநர் என்று கூப்பிட்டதில்லை. விளக்கு எரியாவிட்டால் கரண்ட்டுக்காரர், குழாய் ஒழுகினால் பைப்புக்காரர். சித்திரை மாதத்தில் விசிறி நின்றுபோனால் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது.

துறைத் தலைவர் போனில் பேசினார். மரியாதையான பிள்ளை. "பசங்களுக்கு மோட்டிவேஷனா ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசுங்க சார். நெகட்டிவா மட்டும் எதுவும் வேண்டாங்க" என்றார். சரி என்று போய்ப் பேசினேன். நான் பேசியதில் எழுதிவைக்க ஒன்றுமில்லை. பேசாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

என் படிப்புக் கதை சிறியது. அதியமான்கோட்டையில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் வயர்மேன் படிப்பு, பிறகு லைசென்ஸ் பரீட்சை. அப்புறம் அரசாங்கக் கட்டடங்களுக்கு விளக்கு, விசிறி, குழாய், மோட்டார் எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் வேலை. எண்பதுகள் பிறந்தபோது நான் சூப்பர்வைசர். பள்ளிக்கூடம், விடுதி, ஆஸ்பத்திரி என்று புதிதாக எது கட்டினாலும், உள்ளே உயிர் கொடுக்க வேண்டியது நாங்கள். கட்டினவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். எங்கள் பெயர் யாருக்காவது ஷாக் அடித்தால்தான் வெளியே வரும்.

எர்த் என்று ஒன்று உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு இரும்புப் பெட்டிக்குள் மின்சாரம் கசிந்து பெட்டியின் உடம்பில் ஏறிவிட்டால், தொடுகிறவர் மேல் பாயாமல் மண்ணுக்குள் இறங்கிவிட நாம் போட்டுக்கொடுக்கும் வழி அது. ஆளுயரத்துக்கு மேல் குழி வெட்டி, இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடவேண்டும். குழாயின் தலையில் ஒரு புனல் வைப்போம். வெயில் காலத்தில் மண் காய்ந்தால் மின்சாரம் இறங்காது, அதனால் அவ்வப்போது அந்தப் புனலில் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது விதி. அளப்பதற்கு மெக்கர் என்ற கருவி. தள்ளித் தள்ளி இரண்டு கம்பியை மண்ணில் அடித்து, ஒயரை மாட்டி, கைப்பிடியைச் சீராகச் சுற்றினால் முள் ஓர் எண்ணைக் காட்டும். எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஒன்று, இரண்டு என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். நூறைத் தாண்டினால் அந்தக் குழியும் ஒன்றுதான், குப்பைக் குழியும் ஒன்றுதான்.

எங்கள் மாவட்டத்து மண் எப்படிப்பட்டது என்று விவசாயிகளுக்குத் தெரியும். நாலடி தோண்டினால் பாறை. எண்பதுகளின் நடுவில் மழையும் ஏமாற்றியது. அந்த மண்ணில் வருடம் முழுக்க நல்ல எர்த் எடுப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் எங்கள் அலுவலகம் அதை மிக லேசாக எடுத்தது. சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் யாராவது போய்ப் புனலில் நாலைந்து குடம் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்கள். மறுநாள் அளந்தால் முள் ஒன்றரை, இரண்டு என்று அடங்கி ஒடுங்கி நிற்கும். இதற்கு 'குழிக்குத் தண்ணி காட்டுறது' என்று பெயர். எல்லோரும் செய்தோம். நானும் செய்தேன். திருட்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று விதியிலேயே இருக்கிறதே. சோதனை முடிந்த பிறகு அந்தப் புனலை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டோம் என்பதுதான் விதியில் இல்லை.

இனி எங்கள் ஏ.இ.யைப் பற்றிச் சொல்லவேண்டும். உதவிப் பொறியாளர். பெயர் வேண்டாம், பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். சலவை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எந்த நாற்காலியிலும் கைக்குட்டை விரித்துத்தான் உட்காருவார். கட்டடத்துக்குள் வந்ததும் முதலில் சுவிட்ச் போர்டுகளைப் பார்ப்பார். போர்டில் உள்ள திருகுகளின் தலையில் இருக்கும் வெட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி செங்குத்தாக நிற்கவேண்டும். ஒன்று சாய்ந்திருந்தாலும், "என்னய்யா, குடிச்சிட்டா முடுக்குன?" என்பார். நாங்கள் திருப்புளியோடு பின்னாலேயே ஓடி நேராக்குவோம். மேலே திருகு நேராக இருந்துவிட்டால், உள்ளே ஒயர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அவர் பலகையைக் கழற்றிப் பார்த்ததே இல்லை.

எர்த் குழிக்குப் பத்தடி தள்ளி நிழலில்தான் நிற்பார். நான் குந்தி உட்கார்ந்து மெக்கரைச் சுற்றுவேன். "காட்டுதா?" என்பார். "ரெண்டு காட்டுதுங்க சார்" என்பேன். "ரெண்டு" என்று பக்கத்தில் நிற்கும் எழுத்தரிடம் சொல்வார், தானே கண்டுபிடித்த மாதிரி. "பாஸ்." கையெழுத்து. அப்புறம் டீ. அவரோடு வேலை பார்த்த ஏழு வருடத்தில் அவர் செருப்பில் எர்த் குழியின் மண் ஒட்டி நான் பார்த்ததில்லை.

கடத்தூருக்கு அப்பால் ஒரு பிரசவ விடுதி புதிதாகக் கட்டினார்கள். பத்துக் கட்டில். குழிக்குத் தண்ணி காட்டினோம், அளந்தோம், ரெண்டு, பாஸ். தண்ணீரைச் சுமந்து போய் ஊற்றியது நானேதான். கார்த்திகையில் திறப்பு விழா நடந்தது. மாசி கடைசியில் அங்கிருந்து ஒரு புகார்க் கடிதம் வந்தது. எழுதியவர் ஸ்டெல்லா என்ற நர்ஸ். பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும். 'குழாயிலும் ஊசி கொதிக்கவைக்கும் பெட்டியிலும் கை வைத்தால் கரண்ட் இழுக்கிறது' என்று கடிதத்தில் இருந்தது. ஏ.இ. படித்துவிட்டுச் சிரித்தார். "பொம்பளைங்களுக்கு எதைத் தொட்டாலும் ஷாக்குதான். போய் ஒரு டெஸ்டர் வெச்சுக் காட்டிட்டு வாய்யா" என்றார்.

போனேன். குழாயில் கை வைத்தேன், ஒன்றுமில்லை. பெட்டியில் வைத்தேன், ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல். "சிஸ்டர், ஈரக் கையோட வேலை பாக்குறீங்க, அதான் அப்படித் தோணுது" என்றேன். இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அந்தம்மா கோபப்படவில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். நாள் வாரியாக எழுதி வைத்திருந்தார். குழாய் இழுத்ததா, பெட்டி இழுத்ததா, எவ்வளவு என்று. 'சுருக்' என்று ஒரு நாள், 'முழங்கை வரை' என்று ஒரு நாள், 'இல்லை' என்று ஒரு நாள்.

"இல்லைன்னு எழுதுன நாளெல்லாம் பாருங்க சார். அன்னிக்கெல்லாம் ஆயம்மா வார்டு கழுவுன தண்ணிய அந்தச் சிமெண்ட்டு மூடி பக்கமா ஊத்தியிருக்கும். இன்னிக்கும் ஊத்துச்சு. நீங்க நாளான்னிக்கு வந்து தொடுங்க, தெரியும்" என்றார்.

அந்தச் சிமெண்ட் மூடிதான் எர்த் குழி. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எங்கள் அலுவலகம் முழுவதும் மறைத்து வைத்திருந்ததை ஒரு நர்ஸ் நாற்பது பக்க நோட்டில் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு ஒரு வழக்கமும் வந்துவிட்டிருந்தது. எந்த இரும்பையும் முதலில் புறங்கையால் தொடுவார். "உள்ளங்கையில தொட்டா விரல் மடங்கிப் பிடிச்சுக்கும் சார். புறங்கையில தொட்டா கை தானா வெளிய வந்துரும்" என்றார். நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்கவேண்டிய பாடம், அவர் எனக்குச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அலுவலகத்தில், "பெட்டியில் லேசான கசிவு இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதிப்போட்டேன். ஏ.இ. அதன் மேல் பேப்பர் வெயிட்டை வைத்தார்.

பங்குனியில் ஆயம்மா ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டார். கழுவிய தண்ணீர் குழிப் பக்கம் போகவில்லை. பிள்ளை பெற்று இரண்டு நாளான ஒரு பெண், குழந்தையை இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் குழாயைத் திருகினாள். கை ஒட்டிக்கொண்டது. சத்தம்கூட வரவில்லையாம், வாய் மட்டும் திறந்திருந்ததாம். ஸ்டெல்லா ஓடிவந்து மர முக்காலியைத் தூக்கி அவள் மணிக்கட்டில் அடித்துப் பிரித்தார். குழந்தை நழுவிக் கட்டில் ஓரத்தில் இருந்த துணி மூட்டையில் விழுந்தது. அந்த மூட்டை அங்கே இருந்தது யார் செய்த புண்ணியமோ, எங்கள் புண்ணியம் இல்லை. தாய்க்கு எலும்பு விரிசல். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஏ.இ.யும் நானும் ஜீப்பில் போனோம். வழியிலேயே அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். "பெட்டி ரிப்பேர். பெட்டியை மாத்திருவோம். நீ இறங்குனதும் புனல்ல ரெண்டு குடம் ஊத்திட்டு அளந்து, பழைய ரீடிங்கையே ரிஜிஸ்தர்ல போடு."

பெட்டி ரிப்பேர் என்பது உண்மை. உள்ளே கம்பி ஈரம் ஏறிக் கசிந்துகொண்டிருந்தது. பெட்டியும் குழாயும் ஒரே எர்த் கம்பியில் கட்டியவை, அதனால்தான் குழாயும் இழுத்தது. பெட்டியைக் கழற்றிப்போட்டால் அன்றைக்கு ஷாக் நிற்கும். நாளைக்கு வேறொரு பெட்டி கசியும், ஒரு மோட்டார் கசியும். எந்தப் பெட்டியும் ஒருநாள் கெடத்தான் செய்யும். கெட்டாலும் ஆள் சாகக்கூடாது என்பதற்குத்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

குடத்தைத் தொடாமல் கம்பிகளை அடித்து மெக்கரைச் சுற்றினேன். முள் முந்நூறைத் தாண்டிப் போய் நின்றது. ஏ.இ. வேப்பமர நிழலில் இருந்து, "காட்டுதா?" என்றார்.

"முந்நூத்தி இருவது காட்டுதுங்க சார்."

"தண்ணி ஊத்துனியா?"

"இல்லீங்க."

"ஊத்திட்டு அளய்யா."

"இந்தக் குழி தண்ணியில்லாம எப்படி இருக்குதுன்னுதாங்க பாக்கணும். அந்தப் பொண்ணு கையை வெச்சப்ப யாரும் தண்ணி ஊத்தல" என்றேன்.

வார்டு வாசலில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் தைரியசாலி இல்லை. அந்த இரண்டு பேரும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் குடத்தை எடுத்திருப்பேனோ என்னவோ. ரிஜிஸ்தரைத் திறந்து மையால் 320 என்று எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில் 'தண்ணீர் ஊற்றாமல் அளந்தது' என்று எழுதினேன்.

ஏ.இ. முதல்முறையாகக் குழியருகே வந்தார். எண்ணைப் பார்த்து அவர் பதறவில்லை. அந்தக் குறிப்பைப் படித்ததும்தான் முகம் வெளுத்தது. ஏனென்றால் அந்த ரிஜிஸ்தரில் அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பக்கம் மற்றக் கட்டடங்களின் கணக்கு, எல்லாமே ரெண்டு, ஒன்றரை, ரெண்டு. அவற்றில் எதிலும் குறிப்பு இல்லை. இந்த ஒரு வரியைப் படிக்கிறவர், மற்றதெல்லாம் எப்படி அளந்தது என்று கேட்பார்.

"அந்த வரியை அடி கோவிந்தராஜ். நம்பர் இருக்கட்டும், வரியை அடி" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"மையில எழுதிட்டனுங்க சார்" என்றேன்.

ஜீப் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. நான் பவர் பிளக்குகளின் பியூஸை எல்லாம் பிடுங்கி, கைக்கு எட்டாத விளக்கையும் விசிறியையும் மட்டும் விட்டேன். ஊசி எதில் கொதிக்கவைப்பீர்கள் என்று கேட்டதற்கு, "மண்ணெண்ணெய் அடுப்பு இருக்குதுங்க. அடுப்பு ஆளைச் சுடும், பிடிச்சு வெச்சுக்காது" என்றார் ஸ்டெல்லா.

சுற்றிலும் பாறை, இன்னொரு குழி வெட்டினாலும் அதே கதிதான். விடுதிக்குப் பின்னால் மாதையன் என்பவரின் தோட்டத்தில் வற்றிப்போன ஒரு கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தேன், தண்ணீர் இல்லை, ஆனால் அடியில் சேறு கறுப்பாக இருந்தது. அந்தச் சேற்றில் தகடு புதைத்து, விடுதி வரை இரும்புப் பட்டை இழுத்தால் எந்தக் கோடையிலும் எர்த் நிற்கும். மாதையனிடம் கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்கெணத்துக்குள்ள கரண்ட்டு வுடப் போறீங்களா? மாடு கன்னு இருக்குற எடமுங்க. அதெல்லாம் ஆவாது" என்றார்.

பட்டை மண்ணுக்குள் போகும், தகடு அறுபதடி ஆழத்தில் இருக்கும், மாடு அங்கே மேயாது என்றெல்லாம் விளக்கினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்டெல்லா வந்தார்.

"மாதைய்யண்ணா, உங்க பேத்தி இங்கதானே பொறந்தா? உங்க மருமவளும் அந்தக் கொழாயிலதான் கை கழுவுனா. அன்னிக்கு ஆயம்மா தண்ணி ஊத்தியிருந்துச்சு, அவ்வளவுதான்."

மாதையன் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, "அந்தச் சேறு எந்த வருசமும் காஞ்சதில்லீங்க. கவுறு எங்கூட்ல இருக்குது, எடுத்தாறேன்" என்றார். நான்தான் இறங்கினேன். அவர் மேலேயிருந்து கயிறு பிடித்தார். எந்த உத்தரவும் இல்லாமல் மூன்று நாளில் வேலை முடிந்தது. அளந்தேன். தண்ணீர் ஊற்றாமல் ஒன்றேமுக்கால். அடுத்த வருடக் கோடையிலும் போய் அளந்தேன், இரண்டு. ஸ்டெல்லா நோட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாக 'இல்லை'. ஆனாலும் புறங்கையால்தான் தொட்டுக்கொண்டிருந்தார். "உங்களை நம்பறேன் சார். உங்க ஆபீசை நம்பல" என்றார்.

எனக்குக் கிடைத்த பரிசு, தர்மபுரி ஸ்டோர் ரூம். நாலு வருடம் உடைந்த விசிறி இறக்கைகளை எண்ணினேன். ஏ.இ. பதவி உயர்ந்து சேலம் போனார், வழியனுப்பு விழாவில் மாலை வாங்கிக் கொடுக்கும் வேலையும் ஸ்டோருக்குத்தான் வந்தது. கழித்துக்கட்டிய ஒரு பழைய மெக்கரை ஏலத்தில் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கட்டிக்கொண்டு, நான் தண்ணி காட்டிய கட்டடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, எல்லாவற்றையும் காய்ந்த மண்ணில் அளந்து, எண்ணைத் தலைமையாசிரியர் கையிலோ வார்டன் கையிலோ எழுதிக் கொடுத்தேன். சிலர் சரி செய்தார்கள். சிலர், "இதுக்கு உமக்கு ஆர்டர் இருக்குதா?" என்று கேட்டார்கள். எத்தனை குழி தேறியது என்று கேட்காதீர்கள், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இதைத்தான் கல்லூரியில் பேசாமல் வந்தேன். பேசி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "சார், ஃபாரின்ல ஸ்கோப் எப்படிங்க சார்?" என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன். பொய் இல்லை. எங்கே கட்டடம் இருந்தாலும் இந்த வேலை இருக்கும், இந்த வேலையில் ஏமாற்றவும் இடம் இருக்கும். சால்வை போர்த்தினார்கள். துறைத் தலைவர் புதிய கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். தானாக அணையும் விளக்கு, குரல் கேட்டுத் திறக்கும் கதவு. சுவிட்ச் போர்டுகளில் திருகுகள் எல்லாம் நேராக இருந்தன.

கட்டடத்தின் பின்பக்கம் எர்த் குழி மூடிகள் வரிசையாக இருந்தன. புதுச் சுண்ணாம்பு அடித்து, நம்பர் போட்டு. பங்குனி வெயில், மழை பெய்து இரண்டு மாதம். மூடிகளைச் சுற்றி மட்டும் மண் சொதசொத என்று ஈரம்.

"நாளைக்கு யாராச்சும் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சார், டீம் வருது. உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?" என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு.

நடைபாதையில் பளபளவென்று ஒரு குடிநீர் கூலர். பிள்ளைகள் வரிசையாகப் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் புறங்கையால் அதைத் தொட்டேன். ஒன்றுமில்லை. குழியில்தான் ஈரம் இருக்கிறதே. இரண்டு பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். துறைத் தலைவரிடம், "பத்து நாள் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாம வுட்டுட்டு, அப்புறம் அளந்து அந்த நம்பரை எனக்கு எழுதி அனுப்புங்க தம்பி" என்றேன். "கண்டிப்பா அனுப்புறேங்க சார்" என்றார். சொல்லும்போது அவர் நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

இன்றோடு பதினோரு நாள். கடிதமும் இல்லை, மழையும் இல்லை. மெக்கரைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன். காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தால், அந்தப் பிள்ளைகள் கூலரில் கை வைப்பதற்கு முன்னால் அளந்துவிடலாம்.